முதல் படகுக்குப் பூஜ்யம்

1. சோதனை ஓட்டம்

அரசு அலுவலகத்தில் ஒரு திட்டத்தைத் தொடங்கும் நாளில் மூன்று பொருட்கள் கட்டாயம் இருக்கும்: குத்துவிளக்கு, சால்வை, வேலை செய்யாத கணினி. எங்கள் திட்டம் தொடங்கிய நாளில் கணினி வேலை செய்தது. சிக்கலே அதுதான்.

ஜாவாஸ்கிரிப்ட் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு அர்ரேவும் ஆப்ஜெக்டும் எப்படி வேறுபடுகின்றன என்று எழுதித் தரும்படி கேட்டார்கள். பாடநூலில் இருப்பதைத் திரும்ப எழுதுவதில் எனக்கு விருப்பமில்லை. நான் காரைக்காலில் ஓர் அலுவலகத்தின் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவள். இரண்டாயிரங்களின் பிற்பகுதியில், மீன்பிடித் துறைமுகத்தின் ஏலக்கொட்டகைக்கு ஒரு திரை அமைக்கும் வேலை எங்களிடம் வந்தது. அந்த வேலையில் இரண்டையும் நான் எப்படிப் பிரித்து அறிந்தேன் என்று சொல்கிறேன்.

துறையின் நடைமுறை எளிமையானது. கடலிலிருந்து திரும்பும் விசைப்படகுகள் அரசலாற்று முகத்துவாரத்தைத் தாண்டி உள்ளே வரும். எது முதலில் தாண்டுகிறதோ அதன் மீனுக்கு முதல் ஏலம். அடுத்தது, அடுத்த ஏலம். முன்பெல்லாம் கரையில் ஒருவர் நின்று பார்த்து வாயால் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் யாருக்கு மாமன், யாருக்கு மச்சான் என்பதைப் பொறுத்துப் படகுகளின் வேகம் கூடவோ குறையவோ செய்தது. எனவே முகத்துவாரத்தில் நிற்பவர் செல்போனில் படகின் பதிவெண்ணைச் சொல்ல, கொட்டகையில் ஒருவர் அதைத் தட்ட, பெரிய டிவியில் வரிசை தெரிய வேண்டும் என்று முடிவாயிற்று.

நிரலை எழுதியவர் குணசேகரன். எங்கள் பிரிவின் புரோகிராமர், வேகமானவர். தேநீர் ஆறுவதற்குள் ஒரு பக்கம் எழுதிவிடுவார், ஆறிய பிறகு அதைத் திருத்துவார். 'படகு' என்று ஓர் அர்ரே வைத்து, பதிவெண்ணையே இடத்தின் எண்ணாகப் போட்டிருந்தார்:

padagu = [];
padagu[311] = "வந்துவிட்டது";

சோதனை ஓட்டத்துக்குத் துணை இயக்குநர் வந்தார், விளக்கு ஏற்றினார், சால்வை பெற்றார். குணா 311 என்று தட்டினார். திரையில் 'undefined' என்று ஒரு வரி வந்தது. அதற்குக் கீழே அதே சொல். அதற்குக் கீழும் அதே சொல். திரை உருண்டுகொண்டே போயிற்று.

துணை இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "என்னம்மா இது, எல்லாப் படகும் கடல்ல காணாமப் போயிடுச்சா?"

"இல்லீங்க சார். ஒரு படகு வந்துருக்கு. கீழ இருக்கு. கொஞ்சம் பொறுங்க, வந்துடும்" என்றார் குணா.

வந்தது. அதற்குள் காபி வந்து, குடித்து, டம்ளரும் திரும்பிப் போயிருந்தது.

2. ரேஷன் கடையும் சாவிப் பலகையும்

நடந்தது இதுதான். அர்ரே என்பது ரேஷன் கடை வரிசை. அங்கே உங்கள் பெயரோ குணமோ முக்கியமில்லை, எத்தனையாவது ஆள் என்பதுதான் முக்கியம். 311 என்ற இடத்தில் ஒருவரை நிறுத்தினால், அவருக்கு முன்னால் முந்நூற்றுப் பதினோரு இடங்கள் இருந்தாக வேண்டும். ஆள் இல்லாவிட்டாலும் பையும் கல்லும் வைத்து இடம் பிடித்ததுபோல அவை நிற்கும். குணா ஒரே ஒரு படகை வரச் சொல்லிவிட்டு, அதற்கு முன்னால் முந்நூற்றுப் பதினோரு கற்களை வரிசையில் வைத்துவிட்டார். திரை ஒவ்வொரு கல்லையும் மரியாதையாகக் காட்டியது.

ஆப்ஜெக்ட் வேறு. அலுவலகத்தில் சாவிப் பலகை இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒவ்வோர் ஆணிக்கும் மேலே ஒரு பெயர்: ஸ்டோர், ரெக்கார்டு ரூம், ஜீப், மேலதிகாரியின் கழிவறை. பெயரைச் சொன்னால் சாவி கிடைக்கும். "பலகையில் முதல் சாவி எது?" என்று யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் அதற்குப் பொருளில்லை. ஜாவாஸ்கிரிப்ட்டிலும் அந்தப் பெயருக்குக் 'கீ' என்றுதான் பெயர். பதிவெண் என்பது படகின் பெயர். அது இடமல்ல. எனவே ஆப்ஜெக்ட் ஆக்கினோம்:

padagu = {};
padagu["311"] = "வந்துவிட்டது";

கற்கள் மறைந்தன. வந்த படகுகள் மட்டும், வந்த வரிசையிலேயே திரையில் தெரிந்தன. துணை இயக்குநரை மறுபடியும் அழைத்தோம். விளக்கு மறுபடியும் ஏற்றப்பட்டது. சால்வை மட்டும் இல்லை. ஒரு திட்டத்துக்கு ஒரு சால்வைதான் அனுமதி.

அந்தத் திரை வந்த பிறகு துறையில் சண்டை நின்றுபோனது. மீனவர் கிராமப் பஞ்சாயத்தார் கூடி, 'திரையில் வருவதே முடிவு, வாய்ப்பேச்சு செல்லாது' என்று கை தூக்கித் தீர்மானம் போட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. நாங்கள் எழுதிய சில வரிகளுக்கு ஒரு துறையே கட்டுப்படுகிறது. இதை நினைத்துக் கொஞ்சம் பயந்திருக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

3. புதுப் பெட்டி

உப்புக்காற்றில் பழைய கணினி செத்தது. இன்டென்ட், கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், ஒப்புதல் எல்லாம் முடிந்து புதுக் கணினி வந்தது. அதில் புதிதாக வந்திருந்த ஒரு பிரவுசரும் இருந்தது, பழையதைவிட வேகமானது. நிறுவியதற்குச் சான்று தரப் பிரிவுப் பொறுப்பாளர் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. நான் குரும்பகரத்து நெல் விவசாயக் குடும்பம். மீனைத் தட்டில் பார்த்துத்தான் பழக்கம். ஆனாலும் விதி விதிதான். விடிந்ததும் மொபெட்டை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனேன்.

கொட்டகையில் ஏலம் தொடங்கியிருக்கவில்லை. டிவிக்கு முன்னால் கூட்டம். குணா முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரையில் 12, 88, 203, 311, 427 என்று ஐந்து எண்கள்.

முதலில் இருந்த 12 பன்னீர் என்பவரின் பழைய படகு. அன்று கடைசியாக உள்ளே வந்ததே அதுதான். அவர் ஐஸ் பெட்டிமேல் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் இருந்த 427 அஞ்சம்மாளுடையது. கூடை சுமந்து மீன் விற்றவர். தம்பிகளோடு சேர்ந்து புதுப் படகு கட்டி, அன்றுதான் அதன் முதல் மீன்பாடு கரைக்கு வந்திருந்தது. நல்ல பாடு. வஞ்சிரமும் சங்கராவும் பெட்டி பெட்டியாக இறங்கியிருந்தன. ஆனால் கேரளா லாரிகள் நிறைந்ததும் கிளம்பிவிடும். கடைசி ஏலத்துக்கு வாங்க ஆள் இருக்காது; மிஞ்சியது கருவாட்டுக்குத்தான் போகும். முதல் பாடு கருவாட்டுக்குப் போன படகை அந்தத் துறையில் எப்படி அழைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெயர் பலகை மக்கும்வரை போகாது.

"ஏண்ணே, நேத்து வரைக்கும் இந்தப் பொட்டிய திருட்டுப் பொட்டின்னு ஏசுன ஆளு நீதானே? இன்னிக்கு என்ன, மாமியா வூட்டு ஒறவாயிடுச்சா?" என்று அஞ்சம்மாள் பன்னீரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் என்னத்தம்மா செஞ்சேன்? பொட்டி கூப்புடுது, போறேன். திரையில வர்றதுதான் முடிவுன்னு தீர்மானம் போட்டப்ப நீயுந்தானே கை தூக்குன?"

"ஒரு கை இல்லண்ணே, ரெண்டு கையும் தூக்குனேன். அதான் இப்ப தலையில வச்சிட்டு நிக்கிறேன்."

பஞ்சாயத்துத் தலைவர் ராமலிங்கம் என்னிடம் வந்தார். "வாங்கம்மா. ஒங்க பொட்டிக்கு என்னாச்சுன்னு கேளுங்க. 427தான் 203ஐக் கட்டி இழுத்துட்டு வந்துச்சு. 203க்கு நடுக்கடல்ல கியரு போயிடுச்சு. கட்டி இழுத்து வந்தவங்களுக்குத்தான் முதல் ஏலம். எங்க அப்பன் காலத்துலேருந்து உள்ள வழக்கம்."

குணா மெதுவாகச் சொன்னார்: "மேடம், அது ரெக்வயர்மென்ட் டாக்குமென்ட்ல இல்ல."

"டாக்குமெண்டு கடலுக்கு வந்துச்சா தம்பி?" என்றார் தலைவர்.

நான் கேட்டேன்: "அப்ப நீங்களே வாயால சொல்லி முதல் ஏலத்தக் குடுத்துடலாமே?"

"சொல்லலாந்தான். நாளைக்கு எவனாவது அவன் மச்சானுக்கு வாயால சொல்லச் சொல்லுவான். நாளன்னிக்குப் பழையபடி அடிதடி. திரையில வரட்டும்மா. வரவைங்க."

கேரளா லாரி ஒன்று ஹாரன் அடித்தது.

4. அஞ்சாம் நம்பர்

எண்களை மறுபடி பார்த்தேன். 12, 88, 203, 311, 427. கடல் எத்தனையோ செய்யும். படகுகளைச் சிறியது முதல் பெரியது வரை அடுக்கி அனுப்பாது. குணாவை நகரச் சொல்லிவிட்டு, சோதனைக்காக 5 என்று தட்டினேன். அது 12க்கு மேலே போய் உட்கார்ந்தது.

ஐஸ் பெட்டிமேல் இருந்த பன்னீர் எழுந்துவிட்டார். "யாரு அஞ்சு? எனக்கு முன்னால எவன் வந்தான்? அஞ்சாம் நம்பர ஒடைச்சு வெறகாக்கி எத்தன வருஷம் ஆவுது!"

"அடுப்புலேருந்து எந்திரிச்சு வருதுண்ணே" என்றார் அஞ்சம்மாள். "வெறகே ஒன்ன முந்திடுச்சு பாரு." கொட்டகை சிரித்தது. பதற்றமாக இருந்த இடம் சற்றுத் தளர்ந்தது.

எனக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது. சாவிப் பலகையில் எது முதல் என்று கேட்பதற்குப் பொருளில்லை என்றேன் அல்லவா? நாங்கள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். ஆப்ஜெக்டைச் சுற்றி வந்து கீகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டச் சொல்லியிருந்தோம். பழைய பிரவுசர் தன் பழக்கத்துக்கு, போட்ட வரிசையிலேயே எடுத்துத் தந்தது. அது அதன் பெருந்தன்மை, கடமையல்ல. புதுப் பிரவுசரோ எண்போலத் தெரியும் கீகளையெல்லாம் ஏறுவரிசையில் அடுக்கித் தந்தது. அதுவும் தவறல்ல. வரிசை முக்கியமென்றால் வரிசை வைத்திருக்கிறவனிடம் கேட்டிருக்க வேண்டும்.

"மேடம், ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னாடி ஒரு எழுத்து போட்டுடுறேன்" என்றார் குணா. "P427, P12ன்னு. அப்ப அது எண்ணாத் தெரியாது. வந்த வரிசையிலயே காட்டும். ரெண்டு நிமிஷ வேலை."

சரியான யோசனைதான். ஆனால் வந்த வரிசை என்ன? 88, 311, பிறகுதான் 427, அதன் கயிற்றில் 203, கடைசியில் 12. இன்னொரு படகை இழுத்து வந்ததால் 427 தாமதமாகியிருந்தது. வந்தபடியே காட்டினால் உதவி செய்ததற்கு அபராதம் போட்டதாகும். அதை முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஆப்ஜெக்டில் 'முன்னால்' என்று ஓர் இடமே கிடையாது. அர்ரேயில் உண்டு.

"குணா, ரெண்டும் வேணும். படகு யாருது, என்ன மீனுங்கிறதெல்லாம் ஆப்ஜெக்ட்லயே இருக்கட்டும். வரிசைக்குத் தனியா ஒரு அர்ரே. அதுல பதிவெண்ண மட்டும் வை, இடமா இல்ல, உள்ள இருக்குற சரக்கா."

அவருக்குப் புரிந்துவிட்டது. விரல்கள் ஓடின:

varisai = ["88", "311", "203", "12"];
varisai.unshift("427");

unshift என்பது வரிசையின் தலையில் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தும் வேலை. மற்றவர்கள் தாமாகவே ஓரிடம் பின்னால் போவார்கள். துறையின் வழக்கத்துக்கென்றே யாரோ செய்து வைத்ததுபோல இருந்தது.

இனி விதி. பயன்பாட்டில் உள்ள நிரலை மாற்ற எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். துணை இயக்குநரை அழைத்து விவரத்தைச் சொன்னேன்.

"எழுத்துல இல்லாம எப்படிம்மா?"

"பின்னேற்பு வாங்கிக்கலாம் சார். விதியில இடம் இருக்கு."

"அப்ப எனக்கு இந்த போனே வரல."

"சரிங்க சார். வரல."

பின்னேற்பு என்றால் முதலில் செய்துவிட்டு, பிறகு அனுமதி பெறுவது. விதிப் புத்தகத்தில் நான் மனதார மதிக்கிற ஒரே பகுதி. நான் பார்த்த நல்ல காரியங்களில் பாதி அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வந்தன.

5. முட்டை

குணா பக்கத்தைப் புதுப்பித்தார். திரையில் வரிசை வந்தது. அவசரத்தில் அவர் அர்ரேயின் இட எண்ணையும் சேர்த்து அச்சிட்டிருந்தார். அர்ரேயில் இடங்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். கொட்டகையில் யாரும் படித்திருக்கவில்லை. முதல் வரி இப்படி நின்றது:

0 — 427

கூட்டம் டிவியை நெருங்கி வந்தது.

"என்ன ஆபீசரம்மா," என்றார் அஞ்சம்மாள். குரல் இறங்கியிருந்தது; முதன்முறையாக அதில் கேலி இல்லை. "ராவெல்லாம் ஒரு படகக் கட்டி இழுத்துட்டு வந்ததுக்கு எனக்கு முட்டையா?"

பன்னீருக்கு உயிர் வந்துவிட்டது. "பூஜ்யம்னா கணக்குலயே இல்லன்னு அர்த்தம். தலைவரே, ஏலம் ஒண்ணுலேருந்துதான். 88தான் ஒண்ணு, பாருங்க. பூஜ்யத்துக்கெல்லாம் ஏலம் உண்டா?"

ஏலம் கூறுகிறவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் என்னைப் பார்த்தார். குணா ஒன்று கூட்டிவிடலாம் என்று விசைப்பலகைமேல் குனிந்தார். நான் கையால் தடுத்தேன். ஐந்து நிமிடத்தில் திரை இரண்டு முறை மாறியிருந்தது. மூன்றாம் முறை மாறினால், நாங்கள் உட்கார்ந்து வேண்டியபடி எழுதிக்கொள்கிறோம் என்றாகிவிடும். அப்புறம் அந்தத் திரையை யாரும் நம்ப மாட்டார்கள். அது காட்டியதில் பிழையும் இல்லை.

"அஞ்சம்மா, ஒங்களுக்கு முன்னால எத்தன படகு நிக்குது?" என்று கேட்டேன்.

"எனக்கு முன்னால யாரு? கட்டி இழுத்தவளுக்கு முன்னால யாரும் நிக்கக்கூடாது. அதானே வழக்கம்."

"எத்தன, சொல்லுங்க."

"ஒண்ணும் இல்ல."

"அதத்தான் அது எழுதியிருக்கு."

அவர் திரையைப் பார்த்தார். உதடு அசைந்தது. "அப்ப 88க்கு முன்னால?"

"நீங்க ஒருத்தர்."

"அதான் ஒண்ணு." அவர் விரல் திரையில் கீழே இறங்கிக்கொண்டே போனது. "311க்கு முன்னால ரெண்டு. 203க்கு முன்னால மூணு. ஏண்ணே பன்னீரு, இங்க வா. ஒனக்கு முன்னால எத்தன பேருன்னு நீயே வாசி."

கொட்டகையே அவருக்காக வாசித்தது: "நாலு!"

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "திரை சரியாத்தான் சொல்லுது. முன்னால ஆளே இல்லாதவங்கதான் மொதல்ல. கூறுப்பா ஏலத்த."

பன்னீர் மறுபடி ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தார். "அஞ்சாவது ஆளுக்கு நாலுன்னு போட்டுருக்கு, அந்த மட்டுக்கும் லாபம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது.

அஞ்சம்மாளின் வஞ்சிரம் முதல் லாரியில் ஏறியது. சங்கராவுக்கு இரண்டு வியாபாரிகள் போட்டி போட்டுக் கத்தினார்கள். கருவாட்டுக்கு ஒரு வால்கூட மிஞ்சவில்லை. அவருடைய தம்பிகள் வெற்றுப் பெட்டிகளைத் தட்டித் தாளம் போட, அவர் ஐஸ் நீர் சொட்டும் கையாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் ஒரு சங்கரா வந்தது. அரசு ஊழியர் பரிசு பெறுவதற்கான விதி எது என்று எனக்குத் தெரியும். சமைத்து உண்ட பிறகு பின்னேற்புக்கு வழியில்லை என்பதும் தெரியும். எனவே அதைக் குணாவிடம் கொடுத்தேன். அவர் ஒப்பந்த ஊழியர், அந்த விதி அவரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அன்று மதியம் அவர் வீட்டுக் குழம்பு என் மேசைக்கு வந்தது. குழம்பைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை.

6. ஒன்று கூட்டாதது

பிறகு முறைப்படி கோப்பு எழுதி, வரிசையை ஒன்றிலிருந்து காட்டும்படி மாற்றினோம். ஒரே ஓர் இடத்தில் ஒன்று கூட்டினால் போதும். சோதித்து, அனுமதி பெற்று, துறைக்குக் கொண்டுபோனோம். தலைவர் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"வேணாம்மா. பழையதே இருக்கட்டும். புள்ளைங்க பழகிட்டாங்க."

உண்மையிலேயே பழகியிருந்தார்கள். முகத்துவாரத்தைத் தாண்டும்போதே செல்போனில் "நான் எத்தன?" என்று கேட்பார்கள். "பூஜ்யம்" என்று பதில் வந்தால் படகில் சத்தம் கிளம்பும். கரையில் நிற்பவர்கள் "இன்னிக்கு யாரு பூஜ்யம்?" என்று விசாரிப்பார்கள். அஞ்சம்மாள் படகின் முகப்பில் 427க்குப் பக்கத்தில் ஒரு பெரிய பூஜ்யத்தைச் சிவப்பில் எழுதி, நடுவில் குங்குமமும் வைத்திருந்தார். பதிவெண் பலகையில் கூடுதல் குறியீடு விதிக்குப் புறம்பானது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். யார், எவருடையது, என்ன என்று பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தால் ஆப்ஜெக்ட். யாருக்கு முன் யார் என்று கேட்க வேண்டியிருந்தால் அர்ரே. இரண்டையும் கேட்க வேண்டியிருந்தால் இரண்டையும் வையுங்கள். ஒன்றன் வேலையை மற்றொன்று பெருந்தன்மையாகச் செய்து தந்தால், அதை நம்பி வீடு கட்டாதீர்கள். கணினி மாறும், பிரவுசர் மாறும், பெருந்தன்மையும் போய்விடும். எழுதத் தொடங்குமுன் வழக்கம் என்னவென்று துறையில் போய்க் கேளுங்கள். அது டாக்குமென்ட்டில் இருக்காது.

அர்ரே ஏன் பூஜ்யத்தில் தொடங்குகிறது என்று பயிற்சி வகுப்புகளில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். பட்டம் பெற்றவர்களுக்கும் அது புரியப் பாதி வகுப்பு போய்விடும். காரைக்கால் துறையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.